மாசம் 400 வெள்ளியை ஏன் வேண்டாம் என்றோம்?



ஆலயத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "மடப்பள்ளி கூரை ஒழுகுது, திருப்பணிக்குக் காசு பத்தலைன்னு மாசாமாசம் சொல்றீங்க. ஆனா ஒருத்தன் மாசம் 400 வெள்ளி தர்றேன்னு தேடி வந்தப்போ நிர்வாகம் வேண்டாம்னு சொல்லிடுச்சாமே, அது ஏன்?" கேட்டவர் நல்ல மனசோடுதான் கேட்டார். அன்றைக்கு அன்னதானத்துக்கு நேரமாகிவிட்டது, அதனால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்தோம். ஆனால் இது இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. அப்புறம் புலனத்திலும் பல பேர் கேட்டுவிட்டீர்கள். அதனால் விவரமாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். நாங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. எஸ்.பி.எம். முடித்துவிட்டு பிறை தொழிற்பேட்டையில் ஆபரேட்டராக நுழைந்து, இப்போது சூப்பர்வைசராக லைன் பார்க்கிற ஆளுங்க. ஆலயத்து அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து விளக்கினார். எங்களுக்குப் புரிந்ததை எங்கள் பாஷையில் சொல்கிறோம்.

வந்த கடிதம் இதுதான். ஆலயத்து மின்னஞ்சலுக்கு ஆங்கிலத்தில் வந்தது. "உங்கள் அகப்பக்கம் பல வருஷமாக இருக்கிறது. நல்ல மதிப்பு உள்ள பக்கம். அதன் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வார்த்தை போட்டு, அதை எங்கள் பக்கத்துக்கு இணைத்துவிடுங்கள். மாசம் 400 வெள்ளி. ஒரு வருஷத்துப் பணத்தை முன்னாடியே போட்டுவிடுகிறோம்." 12 மாசத்துக்கு 4,800 வெள்ளி. மடப்பள்ளி கூரைக்கு காண்ட்ராக்டர் கொடுத்த விலை 11,000. கிட்டத்தட்ட பாதிக் கூரை.

அவர்கள் கேட்ட இரண்டு வார்த்தை என்ன தெரியுமா? "உடனடிக் கடன்."

கூடவே இரண்டு நிபந்தனை. ஒன்று, பக்கத்தில் எங்கேயும் 'விளம்பரம்' என்று போடக்கூடாது. இரண்டு, இது காசு வாங்கிப் போட்ட இணைப்பு என்று தேடுபொறிக்குத் தெரிவிக்கிற ஒரு சின்னக் குறியீடு இருக்கிறதாம், அதையும் போடக்கூடாது.

எங்களுக்கு உறுத்தியது அந்த இரண்டு நிபந்தனைதான். நம் கும்பாபிஷேக மலரில் விளம்பரம் போடுகிறவர்கள் எல்லாம் "பெரிசா போடுங்க, கலரா போடுங்க" என்று சொல்வார்கள். காசையும் கொடுத்துவிட்டு "நான் காசு கொடுத்தேன்னு யாருக்கும் தெரியக்கூடாது" என்று கேட்கிற விளம்பரக்காரரை நாங்கள் பார்த்ததே இல்லை.

பொருளாளர் அண்ணன் முதலில் இதற்கு ஆதரவாகத்தான் பேசினார். அவர் பேசியது எதுவும் தப்பில்லை. ஆலயத்து மின்சார பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் அவர்தானே. அவர் கேட்டார்: "பக்கத்து அடியில ரெண்டு வார்த்தை. யாரு பார்க்கப் போறா? யாரு அமுக்கப் போறா? யாருக்கு என்ன நஷ்டம்?"

அதற்குத் தம்பி சொன்ன பதில்தான் எங்கள் கண்ணைத் திறந்தது. "அண்ணே, மனுசங்க பார்க்கிறதுக்கு அவங்க காசு கொடுக்கலை. மெஷின் பார்க்கிறதுக்குக் கொடுக்கிறாங்க."

அது எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறோம்.

கூகுள் தேடுபொறியை உருவாக்கியவர்கள் லேரி பேஜ், செர்கே பிரின் என்று இரண்டு பேர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். உலகத்தில் கோடிக்கணக்கான பக்கம் இருக்கிறதே, எது நல்ல பக்கம் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால், அதை ஒரு சிபாரிசு மாதிரி எடுத்துக்கொள்வது. நிறைய பேர் சிபாரிசு செய்தால் அந்தப் பக்கம் மேலே வரும். சிபாரிசு செய்கிறவர் மதிப்பானவராக இருந்தால் அந்தச் சிபாரிசுக்கு எடை கூட. படித்தவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் இன்னொருவரின் கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தைப் பார்த்து வந்த யோசனை. இதற்குப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர்.

நம் ஊரில் பெண் பார்க்கிற மாதிரிதான். ஒரு குடும்பம் எப்படி என்று ரோட்டில் போகிறவர்களிடமா கேட்போம்? ஆலயத்தில் 20 வருஷமாகத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேட்போம். அவர் "நல்ல குடும்பம்" என்றால் அந்த ஒரு வார்த்தை போதும். அந்தப் பெரியவர் காசு வாங்கிக்கொண்டு "நல்ல குடும்பம்" என்று சொன்னால்? கேட்ட வீட்டுக்கு அது தெரியாது. கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரியும்.

ஆக, அந்தக் கடிதக்காரருக்கு வேண்டியது நம் பக்கத்தில் கொஞ்சம் இடம் இல்லை. நம் ஆலயத்தின் பெயர், அதன் வாக்கு. "இந்தக் கடன் கம்பெனியை ஒரு கோயில் சிபாரிசு செய்கிறது" என்று மெஷினை நம்ப வைக்க வேண்டும். அதற்குத்தான் 400 வெள்ளி.

தொழிற்சாலையில் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் லைனில் சோதனை முடிந்த பொருளுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம், 'க்யூசி பாஸ்' என்று. ஒரு ரோல் ஸ்டிக்கர் பத்து வெள்ளிகூட இருக்காது. ஆனால் வெளியாள் ஒருவன் வந்து, "அந்த ஸ்டிக்கரில் ஒண்ணு மட்டும் கொடுங்க, 400 வெள்ளி தர்றேன்" என்றால் அவன் வாங்குவது காகிதத்தையா? எங்கள் சோதனையை வாங்குகிறான். நாங்கள் சோதிக்காத பொருளில், நாங்கள் சோதித்ததாக ஒட்டப் போகிறான். அந்த ஒரு ஸ்டிக்கரால் மற்ற ஆயிரம் ஸ்டிக்கருக்கும் மதிப்பு போய்விடும். அடுத்த முறை வாடிக்கையாளர் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்.

பொருளாளர் அண்ணன் விடவில்லை. "சரி, உண்டியல்ல விழுற காசு எங்கேருந்து வந்ததுன்னு கேக்குறோமா? நாலு நம்பர் அடிச்ச காசும் விழும், நல்லா உழைச்ச காசும் விழும். அதை வாங்கிக்கிறோம்தானே?"

நல்ல கேள்வி. நாங்களும் யோசித்தோம். வித்தியாசம் இதுதான்: உண்டியலில் போடுகிறவர் நம்மிடம் பதிலுக்கு எதுவும் கேட்பதில்லை. போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போகிறார். "நான் போட்டேன், அதனால் என்னை நல்லவன் என்று நாலு பேரிடம் சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டு ஒருவர் பணம் நீட்டினால், அந்தப் பணத்துக்கு உண்டியலில் இடம் இல்லை.

அப்படியென்றால் உபயம்? ஆமாம், உபயதாரர் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். மின்விளக்கில் எழுதுகிறோம். ஒரு காலத்தில் டியூப் லைட்டில் பெயர் எழுதி எழுதி வெளிச்சமே வராமல் போன கதையைச் சொல்லி நாம் எல்லாரும் சிரித்திருக்கிறோம். ஆனால் அங்கே 'உபயம்' என்ற வார்த்தை இருக்கிறது. படிக்கிற குழந்தைக்கும் தெரியும், இவர் காசு கொடுத்தார், அதனால் பெயர் இருக்கிறது என்று. யாரும் ஏமாறவில்லை. அதே உபயதாரர் குருக்களிடம் நூறு வெள்ளியைக் கொடுத்து, "அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது, நகை வாங்கினா நம்ம கடையில வாங்கச் சொல்லுங்க சாமி, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டால்? அது உபயம் இல்லை. குருக்கள் மேல் பக்தர் வைத்திருக்கிற நம்பிக்கையைப் பின்வாசல் வழியாக வாங்குவது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோடுதான் முக்கியம். விளம்பரம் பாவம் இல்லை. காசு வாங்குவதும் பாவம் இல்லை. காசு கை மாறியதை மறைப்பதுதான் தப்பு.

இதை அந்த இரண்டு மாணவர்களே ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1998ல் அவர்கள் எழுதிய கட்டுரையின் பிற்சேர்க்கையில், விளம்பரப் பணத்தில் ஓடுகிற தேடுபொறி தேடுகிறவர் பக்கம் நிற்காமல் விளம்பரதாரர் பக்கம் சாயும் என்ற கருத்தை எழுதி வைத்தார்கள். அதே 1998ல் பில் கிராஸ் என்பவர் 'கோட்டூ' என்று ஒரு தேடுபொறியை நடத்தினார். யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர் மேலே. ஆனால் ஒரு நேர்மை இருந்தது: ஒரு க்ளிக்குக்கு எத்தனை காசு கொடுக்கிறார்கள் என்று பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அப்புறம் 2000ல் கூகுளே விளம்பரம் விற்க ஆரம்பித்தது. 2002ல் அமெரிக்க அரசாங்கத்தின் வாணிப ஆணையம் தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. காசு வாங்கி வைக்கிற முடிவுகளை மற்றவற்றிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள் என்பதுதான் அதில் இருந்த விஷயம். பாருங்கள், விற்காதே என்று சொல்லவில்லை. மறைக்காதே என்றுதான் சொன்னார்கள்.

"கூகுளே விக்கும்போது நாம வித்தா என்ன?" என்றும் அண்ணன் கேட்டார். கூகுள் விற்பதில் ஒரு சின்ன வார்த்தையாவது போட்டு விற்கிறது. அந்த வார்த்தை வருஷத்துக்கு வருஷம் கண்ணுக்குத் தெரியாமல் மங்கிக்கொண்டே போகிறது என்ற வருத்தம் எங்களுக்கும் உண்டு. பெரிய கம்பெனி எழுத்தைச் சின்னதாக்கிவிட்டது என்பதற்காக நாம் அதையும் அழித்துவிடலாமா?

இப்படி இணைப்பு வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கதையும் நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று பெரிய கடை, நம் ஊர் பேரங்காடி மாதிரி. 2010 கடைசியில் கிறிஸ்துமஸ் வியாபார நேரத்தில் உடுப்பு, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் முதலில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விசாரித்து 2011 பிப்ரவரியில் எழுதியது. கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இருந்து அந்தக் கடைக்கு இணைப்பு போயிருந்தது. எங்களுக்குத் தெரியாது என்று கடை சொன்னது, இந்த வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது. கூகுள் கை வைத்ததும், ஒரு பயணப்பெட்டியின் பெயரைத் தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71வது இடத்துக்குப் போய்விட்டது.

வாங்கியவர் மட்டும் இல்லை, விற்றவரும் மாட்டியிருக்கிறார். 2002ல் சர்ச்கிங் என்ற நிறுவனம் பக்கங்களின் மதிப்பைப் பார்த்து இணைப்பை விற்றுக் கொடுக்கும் தரகு வேலை செய்தது. கூகுள் அதன் மதிப்பெண்ணைக் குறைத்தது. அவர்கள் ஓக்லஹோமாவில் வழக்குப் போட்டார்கள். 2003ல் வழக்கு தள்ளுபடி. ஒரு பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பது கூகுளின் அபிப்பிராயம், அதைச் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012ல் கூகுளின் சொந்த விளம்பர வேலையிலேயே இப்படிக் காசு கொடுத்த ஓர் இணைப்பு வெளியே வந்தது. தன் சொந்த குரோம் பக்கத்தையே 60 நாளைக்குக் கீழே இறக்கினார்கள்.

ஆனால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் சின்ன ஆலயத்தை யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்? பிடிக்கவே மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே யோசித்தோம். அப்போதும் பதில் அதுதான் வந்தது. அதற்குக் காரணம் எங்கள் லைனில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி.

இந்தத் தங்கச்சியின் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறோம். பெயரும் அடையாளமும் வேண்டாம். இரண்டு பிள்ளைகள், தனியாக வளர்க்கிறார். அம்மாவுக்கு ஆபரேஷன், அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. ராத்திரி ஷிப்டு இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்து கைப்பேசியில் கடன் தேடியிருக்கிறார். மேலே வந்த ஒரு பக்கத்தை அமுக்கினார். அழகான பக்கம், சிரிக்கிற முகங்கள், ஒரு நம்பர். 8,000 வெள்ளி கடன் பாஸ் ஆகிவிட்டது என்றார்கள். முதலில் பத்திரச் செலவுக்கு 600 போடுங்கள் என்றார்கள். அப்புறம் காப்புறுதிக்கு 700. அப்புறம் கணக்கு நம்பர் தப்பாகிவிட்டது, சரி செய்ய 500. மொத்தம் 1,800 வெள்ளி. கடன் வரவே இல்லை. அந்த நம்பரும் அடங்கிவிட்டது.

"ஏம்மா, யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே?" என்று நாங்கள் கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "மேலே இருந்துச்சு அண்ணே. நல்ல கம்பெனியா இல்லாட்டி எப்படி மேலே வரும்?"

படிக்காத பேச்சு என்று நினைக்காதீர்கள். நாம் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். டாக்டர் தேடினாலும், ட்யூஷன் தேடினாலும், ஏர்கோன் பழுது பார்க்க ஆள் தேடினாலும் முதல் இரண்டு மூன்றைத் தாண்டி யார் கீழே போகிறோம்? மேலே இருப்பது நாலு பேர் சொல்லி மேலே வந்தது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் சிலர் மாசம் 400 வெள்ளிக்குத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னோம். எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். நமக்குக் கடிதம் எழுதிய கம்பெனி மோசடிக் கம்பெனி என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல கம்பெனியாகவும் இருக்கலாம். ஆனால் நாம் சோதிக்கவில்லை. சோதிக்காமல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள். அந்த ஸ்டிக்கரை நம்பி ராத்திரி கேண்டீனில் உட்கார்ந்து தேடுகிறவர் நம் தங்கச்சியாகவே இருக்கலாம். காலையில் அவர் நம் ஆலயத்துக்கு வந்து விளக்குப் போடுகிறார். நாம் அவருக்கு ஒழுகாத கூரையின் கீழே பொங்கல் கொடுக்கிறோம். அந்தக் கூரைக்கு யார் காசு?

பொருளாளர் அண்ணன்தான் முதலில் கையைத் தூக்கினார், வேண்டாம் என்று. அதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

இத்தோடு முடியவில்லை. இந்தப் பேச்சு வந்த பிறகு வேறு சில விஷயங்களும் வந்தன. அதையும் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, நம் பூக்கடை அக்கா. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்பாளுக்கு மாலை கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. அவருடைய மகன் கேட்டார், "அம்மா கடைப் பக்கத்தை ஆலய அகப்பக்கத்துல போட முடியுமா?" இங்கேதான் கொஞ்சம் தடுமாறினோம். அக்காவை நமக்குத் தெரியும், பூவையும் தெரியும். சோதித்த பொருள்தான். ஆனாலும் பதிலுக்கு மாலை வாங்குகிறோமே? 2013ல் இங்கிலாந்தில் இன்டர்ஃபுளோரா என்ற பெரிய பூ வியாபார நிறுவனம், பத்திரிகைகளில் செய்தி மாதிரி எழுதின விளம்பரங்களில் இணைப்பு வைத்ததற்காகத் தேடலில் சுமார் 11 நாள் காணாமல் போனது. பூ நல்ல பூதான். மறைத்த விதம்தான் தப்பு.

தம்பி ஒரு வழி சொன்னார். 2005லேயே தேடுபொறிக்காரர்கள் ஒரு குறியீடு கொண்டுவந்தார்களாம், "இந்த இணைப்பை என் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே" என்று மெஷினுக்குச் சொல்வதற்கு. 2019ல் "இது காசோ பொருளோ வாங்கிப் போட்டது" என்று தனியாகச் சொல்ல இன்னொரு குறியீடு வந்தது. அதனால் அகப்பக்கத்தில் 'உபயதாரர்கள்' என்று தனிப் பக்கம் திறந்தோம். அங்கே அக்கா கடையின் பெயர், நம்பர், பக்கம் எல்லாம் இருக்கிறது. மனுசங்களுக்கு 'உபயம்' என்ற தலைப்பு, மெஷினுக்கு அந்தக் குறியீடு. இரண்டு பேரிடமும் ஒரே உண்மை. அக்காவுக்கும் சந்தோஷம். மாலை வாங்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்து அழைக்கிறார்கள், அது போதும் என்றார்.

இரண்டு, நம் கல்யாண மண்டபம். வேறு ஒரு ஆள் வந்து, "மாசம் 900 வெள்ளி கொடுங்க, இந்த வட்டாரத்துல மண்டபம்னு தேடினா உங்க மண்டபம் முதல்ல வரும்" என்றார். எப்படி என்று கேட்டோம். "அது எங்க டெக்னிக்" என்றார். தம்பி குடைந்து கேட்டபோது தெரிந்தது, இதே மாதிரி ஊரெல்லாம் இணைப்பு வாங்கிப் போடுவதுதான் டெக்னிக். நாம் விற்க மறுத்ததை நாமே போய் வாங்குவதா? அதோடு பக்கத்துத் தாமானில் இருக்கிற ஆலயத்துக்கும் மண்டப வாடகைதான் வருமானம். நம்மைவிடச் சின்ன ஆலயம். நாம் 900 கொடுத்தால் அவர்கள் 1,000 கொடுக்க வேண்டி வரும். அடுத்த வருஷம் நாம் 1,200. இரண்டு ஆலயத்து உண்டியல் காசும் ஒரே ஆள் பைக்குப் போகும். மண்டபம் தேடுகிற குடும்பத்துக்கு இதனால் ஒரு நாற்காலிகூட அதிகமாகக் கிடைக்காது. காசு கொடுப்பதை நிறுத்தினால் வாங்கின இணைப்பும் போய்விடும். கூரையாவது 20 வருஷம் நிற்கும்.

அதற்குப் பதில் என்ன செய்தோம்? மண்டபத்தின் உண்மையான அளவு, எத்தனை பேர் உட்காரலாம், வாடகை எவ்வளவு, கார் நிறுத்த எத்தனை இடம், சமையல் கட்டு எப்படி இருக்கும் எல்லாவற்றையும் படத்தோடு அகப்பக்கத்தில் போட்டோம். பூசை நேரம் பழையது இருந்தது, திருத்தினோம். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். முகவரியை வரைபடத்தில் சரி செய்தோம். முன்னே பாதி பேர் பின்பக்கத்துத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார்கள். இதெல்லாம் மேலே வருவதற்கான வேலைதான். ஆனால் தேடுகிறவருக்கு உதவி செய்து மேலே வருகிற வேலை. செலவு, தம்பியின் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நிறைய தே தாரேக்கும்.

மூன்று, நட்சத்திரம். இளைஞர் பகுதி பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்டார்கள், "கூகுள்ல அஞ்சு நட்சத்திரம் போடுறவங்களுக்கு ஒரு லட்டு கொடுக்கலாமா அண்ணே?" சிரிப்பு வந்தது, ஆனால் அதுவும் இதே குடும்பம்தான். லட்டு பிரசாதம். வந்த எல்லாருக்கும் உண்டு. ஒரு நட்சத்திரம் போட்டுக் கழிவறை சுத்தமில்லை என்று எழுதினவருக்கும் உண்டு. அவர் எழுதியது உண்மை, அதற்கப்புறம்தான் கழிவறைக்குத் தினமும் ஆள் போட்டோம். காசு கொடுத்து வாங்கின நூறு ஐந்து நட்சத்திரம் அந்த வேலையைச் செய்திருக்காது.

இப்போது உங்களுக்கு, முக்கியமாக வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குச் சில வார்த்தை.

தேடும்போது மேலே வருகிற முடிவுகளின் பக்கத்தில் சின்ன எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்பான்சர்ட்', மலாயில் 'டித்தாஜா' என்று இருந்தால் அது காசு கொடுத்து வைத்தது. அதற்காக அது பொய் என்று அர்த்தம் இல்லை, விளம்பரம் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். அந்த எழுத்து இல்லாததாலேயே சுத்தமானது என்றும் நினைக்காதீர்கள். மறைவாக வாங்கின சிபாரிசால் மேலே வந்ததும் அங்கே இருக்கலாம்.

கடன் விஷயத்தில் ரொம்பக் கவனம். நம் நாட்டில் வட்டிக்குக் கடன் கொடுக்கிற நிறுவனங்களுக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று அங்கே விசாரியுங்கள். கடன் கைக்கு வருவதற்கு முன்னாடியே அந்தச் செலவு இந்தச் செலவு என்று பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏமாந்து பணம் போட்டுவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடனே 997க்கு அழையுங்கள். தேசிய மோசடிப் பதில் மையத்தின் நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. நம் தங்கச்சி மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தார். அந்த மூன்று நாள்தான் பெரிய நஷ்டம்.

சங்கமோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுவோ, சின்னக் கடையோ நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கடிதம் உங்களுக்கும் வரும். பழைய பக்கமாக இருந்தால் கண்டிப்பாக வரும். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இது விளம்பரம்னு எழுதிப் போடலாமா?" சரி என்றால் பேசுங்கள். கூடாது என்றால், அவர்கள் வாங்க வந்தது உங்கள் பெயரை என்று புரிந்துகொள்ளுங்கள். அகப்பக்கத்தை மாசத்துக்கு ஒரு முறையாவது திறந்தும் பாருங்கள். காசு கொடுக்காமலேயே திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து சூதாட்ட இணைப்பை ஒளித்து வைக்கிற வேலையும் நடக்கிறது. பூட்டாத வாசல் மாதிரி விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகக் கூரை விஷயம். 11,000ல் இதுவரை 3,650 வெள்ளி சேர்ந்திருக்கிறது. கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு தகடு 85 வெள்ளி. ஒரு குடும்பம் ஒரு தகடு என்று எடுத்துக்கொண்டால் தைப்பூசத்துக்குள் முடிந்துவிடும். முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பழைய கூரையைப் பிரிக்கக் கை கொடுங்கள், அதுவும் உபயம்தான். பணம் கொடுத்தால் மறக்காமல் ரசீது வாங்குங்கள். பெயரைப் பலகையில் எழுதுவோம், மேலே பெரிய எழுத்தில் 'உபயம்' என்று போட்டு.

எல்லாருக்கும் அம்பாள் துணை.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்